சாலைக் குழியை மூட வைப்பது எப்படி: ஒரு மோட்டார் கடைக்காரன் எழுதுவது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சாலையில் குழி விழுந்தால் முதல் லாபம் எனக்குத்தான். ரிம் நெளிந்து வரும், ஃபோர்க் வளைந்து வரும், டியூப்பில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதனால் இதை எழுதுவது என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்வது போலத்தான். ஆனாலும் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து வேலைக்குப் போன ஒரு அக்கா, என் கடையிலிருந்து இரண்டு கட்டை (மைல்) தள்ளி ஒரு குழியில் மோட்டாரோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டார். மழை பெய்து தண்ணீர் நிரம்பிவிட்டால் குழி குழியாகத் தெரியாது, நனைந்த தார் மாதிரியே பளபளவென்று கிடக்கும். அந்தக் குழிக்காக நாங்கள் எட்டு மாதம் மனு எழுதியிருந்தோம். எட்டு மாதமும் தப்பான இடத்துக்கு.

தப்பு எங்களுடையதுதான். சாலை என்றால் ஜேகேஆர் (பொதுப்பணித் துறை), ஜேகேஆர் என்றால் அரசாங்கம், அரசாங்கத்துக்கு எழுதினால் வந்து மூடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒவ்வொரு சாலைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு பணப்பை இருக்கிறது. அடுத்தவர் பையிலிருந்து காசெடுத்து இந்தக் குழியை மூட அவருக்கு ஆசை இருந்தாலும் அதிகாரம் கிடையாது. ஆகவே குழியின் ஆழத்தை அளப்பதற்கு முன்னால் சாலை யாருடையது என்று பாருங்கள்.

எங்கள் ஊர் நடுவே கடைத்தெருவாகப் போகிறதே, அது கூட்டரசு சாலை எண் 1, அதாவது மத்திய அரசின் சாலை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறக்கும்வரை நாட்டின் பாதி லோரி இதன் மேல்தான் போயிருக்கும். இந்த வகைச் சாலைக்கு மஞ்சள் பலகையில் வெறும் எண்தான் இருக்கும், எழுத்து இருக்காது. பணம் கோலாலம்பூரிலிருந்து, பொதுப்பணி அமைச்சின் கணக்கிலிருந்து வருகிறது. தீபகற்பத்தில் இவற்றின் அன்றாடப் பராமரிப்பை, அதாவது புல் வெட்டுவது, குழி மூடுவது, கோடு போடுவது எல்லாவற்றையும் நீண்ட கால ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன, ஜேகேஆர் மேற்பார்வை பார்க்கிறது. டோல் கட்டிப் போகும் நெடுஞ்சாலைக்கு எண்ணுக்கு முன்னால் ஈ எழுத்து இருக்கும். அது டோல் வசூலிக்கும் சலுகை நிறுவனத்தின் பொறுப்பு, நமக்கு இங்கே வேண்டாம்.

அடுத்து மாநிலச் சாலை. எண்ணுக்கு முன்னால் மாநில எழுத்து வரும். பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, ஜொகூருக்கு ஜே, கெடாவுக்கு கே, நெகிரி செம்பிலானுக்கு என். இதையும் ஜேகேஆர்தான் பார்க்கும், ஆனால் மாநிலத்தின் காசில். மாவட்ட ஜேகேஆரில் கவுண்டர் ஒன்றுதான், பின்னால் பை இரண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அதற்கும் கீழே நகராண்மைக் கழகத்தின் சாலைகள்: தாமான்களுக்குள் (வீடமைப்புப் பகுதிகளுக்குள்) இருப்பவை, கடைவரிசைக்குப் பின்னால் போகும் சந்துகள், சந்தைக்குப் போகும் வழி. இவற்றுக்கு எண் பலகை இருக்காது, பெயர்ப் பலகைதான் இருக்கும். அப்புறம் கம்போங் (கிராம) சாலைகள். இவற்றில் பல புறநகர், வட்டார மேம்பாட்டு அமைச்சின் திட்டத்தில் போடப்பட்டவை. கடைசியாக, நம் தலைவலி: தோட்டத்துச் சாலை. அது கம்பெனியின் நிலத்துக்குள், கம்பெனி போட்ட சாலை. அதில் தமிழ்ப்பள்ளி இருக்கலாம், கோயில் இருக்கலாம், மூன்று தலைமுறையாக ஊரே அதில் நடந்திருக்கலாம். காகிதத்தில் அது செம்பனைக்கு நடுவே போகும் ஒரு தனியார் பாதை, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை. இரண்டு பொதுப்பணி அமைச்சர்கள் எங்கள் தொகுதிக்காரர்கள். துன் சம்பந்தன் 1960-களில் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். சாமிவேலு 1974 முதல் 2008 வரை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், அதில் 1979 முதல் 1989 வரையும் 1995 முதல் 2008 வரையும் பொதுப்பணி அமைச்சர். பொதுப்பணி அமைச்சரே நம்ம ஊர்க்காரர், அப்படியும் லயத்துச் சாலை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புச் சாலை) ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அந்தக் காலத்தில் டீக்கடையில் பேசாதவர்களே இல்லை. அரசியலை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள்: பொதுப்பணி அமைச்சரின் கை கூட்டரசு சாலைமீதுதான் நேராக விழும். தாமான் சந்துக்கும் தோட்டத்து மண்சாலைக்கும் அவர் சொந்தக்காரர் இல்லை.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வழி: சாலையில் நின்று கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் பலகையோ கிலோமீட்டர் கல்லோ இருந்தால் படம் எடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நகராண்மைக் கழகத்தின் பொறியியல் பிரிவுக்குப் போய் "இந்தச் சாலை உங்கள் பதிவில் இருக்கிறதா" என்று கேளுங்கள். குழியைப் பற்றிப் பேசவே வேண்டாம், பதிவைப் பற்றி மட்டும் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் மாவட்ட ஜேகேஆர். அங்கேயும் இல்லையென்றால் நில அலுவலகம். லோட் எண் தெரிந்தால் சிறு கட்டணம் கட்டி 'சாரியான்' எடுக்கலாம், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காகிதத்திலேயே வந்துவிடும்.

நாங்கள் எட்டு மாதம் கழித்துத்தான் அந்த சாரியானை எடுத்தோம். சாலை ஒரு சின்னப் பாலம்வரை நகராண்மைக் கழகத்துடையது. பாலத்தைத் தாண்டினால் நிலம் இன்னும் தோட்டக் கம்பெனியின் பட்டாவிலேயே இருக்கிறது. அக்கா விழுந்த குழி பாலத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது அடியில். மேலே ஒரே தார், ஒரே நிறம், நடுவில் கோடுகூட மாறவில்லை.

சரி, இப்போது காசு.

"நான் சாலை வரி கட்டுகிறேன், எனக்குச் சாலை வேண்டும்." என் கடையில் வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொல்வார்கள். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கும் ஆள் கட்டும் சாலை வரி வருசத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). 1600 சிசி கார்க்காரர் கட்டுவது 90 வெள்ளி. அந்தக் காசும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வழியாக மத்திய அரசின் பொதுக் கணக்குக்குப் போய் மற்ற வருமானத்தோடு கலந்துவிடும், சாலைக்கென்று தனியாக ஒதுங்காது. பல நாடுகளில் பெட்ரோல் வரியை வைத்துச் சாலை போடுகிறார்கள், இங்கே பெட்ரோலுக்கு அரசாங்கமே மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சாலை வரி ரசீதைக் காட்டி எந்தக் கவுண்டரிலும் சண்டை போடாதீர்கள். மதிப்பீட்டு வரி ரசீது வேறு விசயம். நகராண்மைக் கழகத்துக்குப் பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று கட்டுகிறோமே, அது உண்மையிலேயே உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் காசு. மனுவோடு அந்த ரசீதின் நகலை வைத்தால் நன்றாக வேலை செய்யும். லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ரசீதே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மாநிலத்தின் வருமானம் நிலவரி, காடு, மணல், சுரங்கம் இப்படித்தான். அதை வைத்து எல்லாச் சாலையையும் பார்க்க முடியாது என்பது அரசமைப்புச் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 109-ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் சாலை மானியம் கொடுத்தாக வேண்டும். மனமிருந்தால் கொடுப்பது இல்லை, கொடுத்தே ஆக வேண்டும். கணக்கு பத்தாவது அட்டவணையில் இருக்கிறது: ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவு, பெருக்கல், மானியத்துக்குத் தகுதியான சாலை எத்தனை மைல். சபா, சரவாக்குக்குக் கணக்கு கொஞ்சம் வேறு.

இதில் "தகுதியான" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தரத்துக்குச் சாலை இருக்க வேண்டும், பதிவில் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்குப் பெயர் மாரிஸ். நம்ம மாரியம்மன் இல்லை, மலேசியச் சாலைகளின் பதிவேடு, அதிகாரிகள் எல்லோரும் மாரிஸ் என்றுதான் சொல்வார்கள். மாநிலச் சாலை, நகராண்மைக் கழகச் சாலை, கம்போங் சாலை மூன்றும் அதில் ஏறலாம். ஏறிவிட்டால் அந்தச் சாலையின் நீளம் வருசா வருசம் கணக்கில் சேரும், அந்த நீளத்துக்குப் பணம் வரும். ஏறாத சாலையை நீங்களும் நானும் தினமும் மிதிக்கலாம், பணத்தின் கண்ணுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. குழிக்கு மனு எழுதினால் ஒரு குழி மூடப்படும், பதிவுக்கு மனு எழுதிச் சாலையை ஏற்றிவிட்டால் அதற்கப்புறம் விழும் குழிகளுக்கும் காசு இருக்கும்.

இன்னொன்று. அதே அட்டவணை பராமரிப்பு என்றால் என்ன என்றும் சொல்கிறது: சாலையை, பாலத்தை, அடியில் போகும் தண்ணீர்க் குழாயை, முதலில் கட்டின நிலைக்கோ பிறகு மேம்படுத்தின நிலைக்கோ முடிந்தவரை நெருக்கமாக வைத்திருப்பது. அகலப்படுத்துவது அதில் வராது, புதிதாகச் சாலை போடுவதும் வராது. நம் மனுக்களில் பாதி இங்கேதான் அடிபடுகிறது. "குழியை மூடுங்கள், சாலையை அகலமாக்குங்கள், விளக்குப் போடுங்கள், வேகத்தடை வையுங்கள்" என்று நாலையும் ஒரே கடிதத்தில் எழுதுவோம். அந்தக் கடிதம் எந்தப் பைக்கும் பொருந்தாமல் மேசைக்கு மேசை நகரும். குழிக்கும் லோங்காங்குக்கும் (சாலையோர வடிகாலுக்கும்) ஒரு கடிதம், அது பராமரிப்பு. அகலத்துக்கும் விளக்குக்கும் வேறு கடிதம், அது மேம்பாடு. அதற்குச் சட்டமன்ற உறுப்பினர், மாநில வரவு செலவு, அமைச்சுத் திட்டம் என்று நீளமான வழி.

இனி ஆதாரம். நான் செய்ததைச் சொல்கிறேன். கடையில் ஒரு பழைய பள்ளி நோட்டு கிடந்தது, என் மகளுடையது, முதல் நாலு பக்கம் வாய்ப்பாடு. ஐந்தாம் பக்கத்திலிருந்து, ரிம் நெளிந்து வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தேதி, எந்தச் சாலை, எந்த இடத்துக்குப் பக்கத்தில், மழையா வெயிலா என்று எழுத ஆரம்பித்தேன். வண்டி எண்ணும் ஆள் பெயரும் எழுதவில்லை, அது அவர்கள் விசயம். மூன்று மாதத்தில் முப்பத்தொரு வரி. அதில் பத்தொன்பது அந்தப் பாலத்தை ஒட்டி இருநூறு அடிக்குள். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தேன். "சாலை மிகவும் மோசமாக உள்ளது" என்ற வாக்கியத்தை அதிகாரிகள் ஒரு நாளைக்கு இருபது தடவை படிப்பார்கள். பத்தொன்பது ரிம் என்று அவர்களுக்கு யாரும் எழுதியதில்லை. உங்களுக்குக் கடை இல்லையென்றால் டயர்க் கடைக்காரரிடமோ பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடமோ கேளுங்கள். அவர்கள் தலைக்குள்ளேயே கணக்கு இருக்கும்.

படம் எடுக்கும்போது குழியை மட்டும் கிட்டப் போய் எடுத்தால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தூரத்தில் நின்று ஒன்று, பாலமோ கோயில் வளைவோ பின்னால் தெரிய. கிட்ட ஒன்று, பக்கத்தில் அளவு தெரிய ஏதாவது வைத்து. நான் என் சிலிப்பரை வைத்தேன், என் மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம், அரசாங்கத்துக்கு அனுப்பும் படத்தில் செருப்பா என்று. மூன்றாவது படம் மழை விட்டு அரை மணி நேரம் கழித்து. இதுதான் ரொம்ப முக்கியம், ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் தாமானில் ஜேகேஆரில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருக்கிறார். பி.டபிள்யூ.டி. லயத்தில் பிறந்து வளர்ந்தவர், அவர் அப்பாவும் அதே வேலை. அவரைக் குழியைப் பார்க்கக் கூட்டிப்போனேன். குழியை அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஓரத்தில் புல்லை விலக்கி லோங்காங்கைத் தேடினார். முழங்கால் உயரத்துக்குப் புல், அடியில் மண், நெகிழிப் பை, செம்பனை மட்டை, நடுவில் லோங்காங் இருந்த அடையாளமே இல்லை.

"தம்பி, தார் லோரியால சாகல, தண்ணியால சாவுது. லோரி பொணத்தைத்தான் மிதிக்குது."

அப்புறம் குச்சியால் தாரின் ஓரத்தைக் குத்திக் காட்டினார். நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, அடியில் செம்மண் சேறு. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நல்ல சாலைக்கு நடுவில் முதுகு இருக்கும், இரண்டு பக்கமும் சரிவு, தண்ணீர் ஓரத்துக்கு ஓடி லோங்காங்கில் விழும். ஓரத்தில் மண்ணும் புல்லும் தாரைவிட உயரமாக வளர்ந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே நிற்கும். நின்ற தண்ணீர் தாரில் இருக்கும் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி அடியில் இருக்கும் கல் படுகையை ஊறவைக்கும். ஊறின படுகைமேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் சேறும் தண்ணீரும் வெடிப்பு வழியாக மேலே பீச்சும், அடியில் பொந்தாகும். முதலில் முதலை முதுகு மாதிரி சதுரம் சதுரமாக வெடிக்கும். அப்புறம் ஒரு சதுரம் பெயரும். அப்புறம் உங்கள் ரிம் என் கடைக்கு வரும்.

ஆகையால் மனுவில் குழியை மூடச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். லோங்காங்கைத் தூர் வாரவும் ஓரத்து மண்ணைச் சீவவும் சாலைக்கடியில் போகும் குழாயைச் சுத்தம் செய்யவும் கேளுங்கள். மூன்றும் பராமரிப்புக்குள் வரும், மூன்றும் தார் போடுவதைவிட மலிவு. மழைக்கப்புறம் எடுத்த படத்தை வைத்தால் யாரும் வாதாட முடியாது.

குழியை ஒழுங்காக மூடுவது எப்படி என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வந்து செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். குழியைச் சுற்றிக் கெட்டியான தார் வரும்வரை சதுரமாக வெட்ட வேண்டும். உதிரியையும் தண்ணீரையும் முழுக்க எடுக்க வேண்டும். அடிப் படுகை கெட்டிருந்தால் குரஷர் ரன் (உடைத்த ஜல்லிக் கலவை) போட்டு இடிக்க வேண்டும். ஓரத்திலும் அடியிலும் ஒட்டுத் தார் அடித்து, பிரிமிக்ஸை (தாரில் கலந்த ஜல்லியை) படை படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் அமுக்க வேண்டும், கடைசியில் சாலையைவிட ஒரு நூல் உயரமாக நிற்க வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் மண்வெட்டியால் பிரிமிக்ஸைத் தள்ளி மேலே லோரியையே ஓட்டி அமுக்கிவிட்டுப் போனால் அது அடுத்த மழைவரைக்கும்தான். அப்படி நடந்தால் படம் எடுத்து அதே புகார் எண்ணில் திரும்ப அனுப்புங்கள். புதுப் புகார் போடாதீர்கள், பழைய எண்ணில் தீராத வேலையாக இருப்பதுதான் அவர்களுக்கு உறுத்தும்.

லோரி விசயத்தையும் விட முடியாது, தோட்டத்து ஊரில் அது எப்படி விட முடியும். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள், சாலை போட்டு அதன்மேல் லோரிகளை விடாமல் ஓட்டி எது எவ்வளவு கெடுக்கிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து வந்த கணக்கு உலகம் முழுக்க இன்றும் ஓடுகிறது: சாலைக்கு வரும் சேதம் அச்சுமேல் இருக்கும் பாரத்தின் நாலாவது அடுக்கில் ஏறும். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 10 டன் தாங்க வேண்டிய அச்சில் 13 டன் ஏற்றினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பழக்குலை ஏற்றி முள்ளு முள்ளாகக் கூரைக்கு மேலே குவித்துக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரியைப் பார்த்தால் இனி இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும். அதிகப் பாரத்தைப் பிடிப்பது ஜேபிஜே வேலை. சாலைப் புகாரோடு அதைக் கலக்காமல், நேரம், இடம், வண்டி எண்ணோடு அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். எங்கள் ஊரில் அனுப்பியதில் பலன் இருந்தது என்று சொல்லமாட்டேன், இரண்டு வாரம் லோரிகள் கொஞ்சம் அடக்கமாகப் போயின, அவ்வளவுதான்.

மனு அனுப்பும் வழிகள். 2023 ஆகஸ்டில் பொதுப்பணி அமைச்சு மைஜாலான் என்ற செயலியைத் தொடங்கியது. படமும் இடமும் போட்டால் புகார் உரியவருக்குப் போகும். கூட்டரசு சாலைக்கு இதுதான் சுலபம். நகராண்மைக் கழகங்களுக்குச் சொந்தமாகப் புகார்ப் பக்கம் இருக்கும். எங்கே போட்டாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் உறுப்பினருக்கு அனுப்பிவிட்டு "ஓகே" என்று கட்டைவிரல் வந்ததைப் புகார் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். நான் அப்படி நினைத்தே இரண்டு மாதத்தைத் தொலைத்தேன்.

காகிதக் கடிதம் இன்னும் செத்துவிடவில்லை. மலாயில், ஒரே பக்கம். சாலையின் பெயர் அல்லது எண், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, எத்தனை மீட்டர், யார் யார் பயன்படுத்துகிறார்கள் (பள்ளிப் பேருந்து, கிளினிக்குக்குப் போகிறவர்கள், தோட்டத்து லோரி), என்ன வேலை கேட்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து முத்திரை போட்ட நகலோடு போய் விசாரியுங்கள், கத்த வேண்டாம். கவுண்டரில் இருக்கும் பெண்பிள்ளை குழியைத் தோண்டவில்லை.

நகராண்மைக் கழகத்தில் இன்னொரு கதவு இருக்கிறது, தட்டுகிறவர்கள் குறைவு. 1976 உள்ளாட்சிச் சட்டப்படி கழகத்துக்கு எட்டிலிருந்து இருபத்து நாலு உறுப்பினர்கள், அவர்களை நியமிப்பது மாநில அரசு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பாக இருப்பார், உங்களுடையவர் யார் என்று கேட்டு வாங்குங்கள். அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு, கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது, கூட்டத்தில் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. பேச விடமாட்டார்கள், உட்கார்ந்து கேட்கலாம். நாலு பேர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலே உறுப்பினர் திரும்பிப் பார்ப்பார். நேரமும் பார்க்க வேண்டும். மாநில வரவு செலவு ஆண்டுக் கடைசியில் தாக்கலாகும், அதற்குள் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும் என்றால் பெரிய வேலைகளுக்கான கடிதம் ஆண்டின் நடுவிலேயே போய்ச் சேர வேண்டும். சில்லறைக் குழிக்கு நேரம் காலம் கிடையாது, எப்போதும் எழுதலாம்.

புதுத் தாமான் என்றால் இன்னொரு சிக்கல். வீடு கட்டினவர் சாலையை நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாரா என்று கேளுங்கள். ஒப்படைக்காத சாலை கட்டினவர் பொறுப்பிலேயே நிற்கும். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடின பள்ளம் அமுங்கியிருந்தால் தோண்டினவர்தான் பதில் சொல்ல வேண்டும், தோண்ட அனுமதி கொடுக்கும்போது சாலைக்காரர் பொதுவாக வைப்புத் தொகை வாங்கியிருப்பார், அதை வைத்துச் சரி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்களே சிமெண்டு குழைத்துக் குழியை மூடாதீர்கள். மனசு நல்லதுதான், ஆனால் தாருக்கு நடுவில் சிமெண்டு ஒட்டாது, கொஞ்ச நாளில் சுற்றி உடைந்து நடுவில் கட்டியாக நிற்கும், அதில் ஒருவர் விழுந்தால் பழி உங்கள் தலைமேல். எதிர்ப்பைக் காட்டக் குழியில் வாழைக்கன்று நடுவதும் வேண்டாம், பத்திரிகையில் படம் வரும், ராத்திரியில் வருகிறவனுக்குக் கன்று தெரியாது. யாராவது விழுந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார், மருத்துவக் காகிதம், அன்றைக்கே எடுத்த குழியின் படம், இந்த மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அரசுத் தரப்பின்மேல் வழக்குப் போட 36 மாதம்தான் கெடு, அதற்குள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைசியாகத் தோட்டத்துச் சாலை. கம்பெனிக்கு எழுதும்போது தோட்ட மானேஜருக்கு மட்டும் எழுதாதீர்கள், அவர் கையில் இருக்கும் செலவுக் கணக்கு சின்னது. தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரிய கம்பெனிகளுக்குச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் இருக்கும், அதில் சுற்றுவட்டார மக்களின் புகாரைப் பதிவு செய்து பதில் சொல்ல வேண்டிய முறை உண்டு. "எங்கள் கடிதத்தை உங்கள் புகார்ப் பதிவேட்டில் ஏற்றவும்" என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கடிதத்துக்கு எட்டாம் நாள் ஒரு லோரி குரஷர் ரன் வந்து இறங்கியது. தார் இல்லை, கல்தான், ஆனால் லோங்காங்கையும் பேக்ஹோ வைத்துத் தோண்டிவிட்டார்கள். மாமா போய்ப் பார்த்துவிட்டு "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

நிலையான தீர்வு வேண்டுமென்றால் கம்பெனி அந்தத் துண்டு நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், நில அலுவலகம் அதைச் சாலை ரிசர்வாக ஆக்க வேண்டும், யாராவது ஒருவர் குறைந்தபட்சத் தரத்துக்குச் சாலையைப் போட வேண்டும், அப்புறம்தான் மாரிஸில் ஏறும். ஒவ்வொன்றும் தனித்தனி அலுவலகம், ஒவ்வொன்றும் மாதக்கணக்கு. ஆனால் பள்ளியும் கோயிலும் இருக்கிற சாலை என்றால் கம்பெனிக்கும் அது சுமைதான், பராமரிப்புச் செலவு அவர்கள் தலையிலிருந்து இறங்கும் என்று எடுத்துச் சொன்னால் காது கொடுப்பார்கள். கொடுத்தார்கள். ஒப்படைக்கச் சம்மதம் என்று கடிதம் வந்துவிட்டது, கோப்பு இப்போது நில அலுவலகத்தில் இருக்கிறது. கோப்பு எண்ணை அந்த நோட்டின் அட்டையில், மகளின் பெயருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறப்பேன், அன்றைக்கு ரிம் கொண்டு வருகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.